குழந்தைகளுக்கு பி.பி. எவ்வளவு இருக்க வேண்டும்? அளப்பது முதல் அடுத்த படி வரை முழுமையான வழிகாட்டி

பெரியவர்களுக்கு 120/80 என்று ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம். குழந்தைகளுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு 118/76 என்று வந்தால் பலரும் "நார்மல்தான்" என்று விட்டுவிடுவார்கள். அந்த வயதில் அவள் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது உயர் ரத்த அழுத்தத்தின் எல்லைக்குள் வரும் அளவு. இதற்கு நேர்மாறாக, அழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் கையில் சிறிய கஃப்பை (காற்றடைக்கும் பட்டையை) சுற்றி அளந்து, 130 வந்துவிட்டது என்று பதறுவதும் நடக்கிறது. ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அது சரியாக அளக்கப்பட்டதா? அந்தக் குழந்தையின் வயது, பாலினம், உயரத்துக்கு அது அதிகமா?

இங்கே தரும் எல்லைகள் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படியானவை. நம் ஊரிலும் குழந்தை மருத்துவர்கள் பலர் இந்த அட்டவணைகளையே பார்க்கிறார்கள்.

யாருக்கு, எப்போது அளக்க வேண்டும்?

மூன்று வயது முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை. உடல் பருமன், சிறுநீரக நோய், சர்க்கரை நோய், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வளைவில் அடைப்பு, பி.பி.யைக் கூட்டும் மருந்துகள் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்.

மூன்று வயதுக்குக் கீழும் சிலருக்கு அவசியம்: 32 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்கள், மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்கள், பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், தொப்புள் தமனியில் குழாய் போடப்பட்டவர்கள், பிறவி இதய நோய் உள்ளவர்கள், திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வருபவர்கள், சிறுநீரில் ரத்தமோ புரதமோ போகிறவர்கள். தொப்புளில் போட்ட குழாயிலிருந்து ரத்தக்கட்டி நகர்ந்து சிறுநீரகத் தமனியை அடைக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் டிஸ்சார்ஜ் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் படி: சரியான கஃப்

குழந்தைகளின் பி.பி. தப்பாக வருவதற்கு முதன்மையான காரணம் கஃப்தான். சிறிய கஃப் அளவைக் கூட்டிக் காட்டும், பெரிய கஃப் குறைத்துக் காட்டும்.

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை எலும்பின் நுனிக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் மேற்கையின் சுற்றளவை எடுங்கள். கஃப்புக்குள் காற்று நிரம்பும் பையின் நீளம் அந்தச் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் இருக்க வேண்டும், அகலம் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். கை 18 செ.மீ. என்றால் பை 14.4 முதல் 18 செ.மீ. நீளம், குறைந்தது 7.2 செ.மீ. அகலம். இங்கே கணக்கில் வருவது உள்ளே இருக்கும் ரப்பர் பைதான், துணி இல்லை.

வீட்டு டிஜிட்டல் மெஷினோடு வரும் கஃப் பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது, கஃப்பிலேயே அச்சிட்டிருக்கும். ஆறேழு வயதுப் பிள்ளையின் கை பொதுவாக அந்த அளவுக்கு வராது. தாத்தாவுக்கு வாங்கிய மெஷினில் பேரனுக்கு அளந்து, நார்மல் என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. எடை கூடிய பதின்வயதுப் பிள்ளைக்கு இதே கஃப் சிறியதாகப் போய் இல்லாத பி.பி.யைக் காட்டும், அவர்களுக்குப் பெரிய அளவு கஃப், சில சமயம் தொடைக்கான கஃப்பே தேவைப்படும். கஃப்பின் பெயரில் 'சைல்டு', 'அடல்ட்' என்று இருப்பதை நம்பாமல் கையின் சுற்றளவை நம்புங்கள்.

இரண்டாம் படி: பிள்ளையைத் தயார் செய்வது

ஓடி விளையாடிவிட்டு வந்த கையோடு அளக்காதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அமைதியான அறையில் 3 முதல் 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது, பாதங்கள் தரையில் படிய வேண்டும். குட்டிப் பிள்ளைக்குக் கால் எட்டாது. ஒரு முக்காலியைக் கீழே போடுங்கள். அளக்கும்போது பிள்ளையும் பேசக்கூடாது, அளப்பவரும் கேள்வி கேட்கக்கூடாது. அழுகிற குழந்தையின் பி.பி.யை எழுதி வைக்காதீர்கள். அழுகை ஓய்ந்து சற்று நேரம் ஆகட்டும், தேவையானால் அம்மா மடியில் வைத்து அளக்கலாம்.

கையில் துணி இருக்கக்கூடாது. சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டால் அதுவே கயிறு கட்டியதுபோல் இறுக்கும், கழற்றிவிடுவது நல்லது. கையை மேசையிலோ தலையணையிலோ வைத்து, கஃப்பின் நடுப்பகுதி இதயத்தின் மட்டத்துக்கு வரும்படி பாருங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் மட்டுமே அளவு 7, 8 புள்ளி கூடும். ஒரு பிள்ளையை நார்மலிலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தள்ள அவ்வளவு போதும்.

எப்போதும் வலது கை. அட்டவணைகள் வலது கையில் எடுத்த அளவுகளைக் கொண்டு தயாரானவை. இன்னொரு காரணமும் உண்டு. மகாதமனி குறுகியிருக்கும் குழந்தைகள் சிலரில் இடது கைக்குப் போகும் ரத்தக்குழாய் அந்தக் குறுகலை ஒட்டியோ அதைத் தாண்டியோ பிரியும். அப்போது இடது கையில் அளவு குறைவாக வந்து நோய் மறைந்துவிடும்.

மூன்றாம் படி: அளப்பது

டிஜிட்டல் மெஷினில் முதலில் பார்ப்பது தவறில்லை. ஆனால் அது ரத்தக்குழாயின் அதிர்வை வைத்துச் சராசரி அழுத்தத்தைக் கண்டுபிடித்து, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனக்குள் இருக்கும் சூத்திரத்தால் கணக்கிட்டுச் சொல்கிறது. குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த மாடலாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நம்பகமானது. மணிக்கட்டில் கட்டும் மெஷின் குழந்தைகளுக்கு வேண்டாம். டிஜிட்டலில் அதிகமாக வந்தால், ஸ்டெதஸ்கோப் வைத்து அளந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

ஸ்டெதஸ்கோப் முறையைச் செவிலியர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறோம். அனிராய்டு மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்காத மீட்டரை ஒதுக்கிவிடுங்கள். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள். நாடி நின்ற இடத்திலிருந்து இன்னும் 20 முதல் 30 மி.மீ. (பி.பி.யை அளக்கும் பாதரச அலகு) ஏற்றினால் போதும். 200 வரை ஏற்றினால் பிள்ளைக்கு வலிக்கும், வலித்தால் பி.பி. ஏறும், அடுத்த முறை கையையே நீட்டாது. காற்றை நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வேகத்தில் இறக்குங்கள். வேகமாக இறக்கினால் மேல் எண் குறைவாகவும் கீழ் எண் அதிகமாகவும் பதிவாகும். முதல் 'டக்' ஓசை மேல் எண். ஓசை முற்றிலும் மறையும் இடம் கீழ் எண். சில குழந்தைகளுக்கு ஓசை பூஜ்யம் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை அழுத்தாமல் லேசாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் ஓசை மங்கத் தொடங்கும் புள்ளியைக் கீழ் எண்ணாகக் கொள்ளலாம். அளவை 2 மி.மீ. துல்லியத்தில் எழுதுங்கள். எல்லாமே 100, 110, 120 என்று பூஜ்யத்தில் முடியும் பதிவேட்டைப் பார்த்தாலே யாரோ ரவுண்டு பண்ணியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

முதல் அளவு அதிகம் என்றால் அதே வேளையில் இன்னும் இரண்டு முறை அளந்து, அந்த இரண்டின் சராசரியை எடுங்கள்.

பச்சிளங்குழந்தைக்கு முறை வேறு. பால் குடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து, படுத்த நிலையில் கஃப்பைச் சுற்றிவிட்டு 15 நிமிடம் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும். அதன்பின் 2 நிமிட இடைவெளியில் மூன்று முறை அளக்க வேண்டும். பிறந்த முதல் நாட்களில் பி.பி. நாளுக்கு நாள் ஏறுவது இயல்பு. ஒரு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனி அட்டவணை உண்டு. கீழே தரும் எண்களை அவர்களுக்குப் பொருத்தக்கூடாது.

நான்காம் படி: எண்ணைப் படிப்பது

முதலில் சல்லடை. கீழே உள்ள பட்டியலில் அந்த வயதுக்குரிய எண்ணை மேல் அளவோ கீழ் அளவோ எட்டினால் அல்லது தாண்டினால் முழு அட்டவணையில் பார்த்தாக வேண்டும். எட்டவில்லை என்றால் அந்த ஆண்டுக்குக் கவலை இல்லை.

வயது 3: ஆண் 101/58, பெண் 102/60
வயது 4: ஆண் 102/60, பெண் 103/62
வயது 5: ஆண் 103/63, பெண் 104/64
வயது 6: ஆண் 105/66, பெண் 105/67
வயது 7: ஆண் 106/68, பெண் 106/68
வயது 8: ஆண் 107/69, பெண் 107/69
வயது 9: ஆண் 107/70, பெண் 108/71
வயது 10: ஆண் 108/72, பெண் 109/72
வயது 11: ஆண் 110/74, பெண் 111/74
வயது 12: ஆண் 113/75, பெண் 114/75
13 முதல்: இருவருக்கும் 120/80

இவை அந்தந்த வயதில் மிகக் குட்டையான பிள்ளைகளுக்கான எல்லைகள். யாரும் தப்பிவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இறுக்கமாக வைத்தவை. எனவே இந்தப் பட்டியலை மட்டும் வைத்து "என் பிள்ளைக்கு பி.பி. இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

முழு அட்டவணை பெர்சென்டைல் கணக்கில் இருக்கும். ஒரே வயதும் பாலினமும் உயரமும் உள்ள 100 பிள்ளைகளை பி.பி.யின் ஏறுவரிசையில் நிறுத்தினால் 90ஆவது இடம் 90ஆம் பெர்சென்டைல். 1 முதல் 12 வயது வரை நிலைகள் இப்படி: 90ஆம் பெர்சென்டைலுக்குக் கீழே நார்மல். 90 முதல் 95க்குள் 'சற்று உயர்ந்த' நிலை. 95ஆம் பெர்சென்டைல் முதல் அதற்கு மேல் 12 மி.மீ. வரை உயர் ரத்த அழுத்தம், முதல் நிலை. அதையும் எட்டினால் இரண்டாம் நிலை. உயரமான பிள்ளைகளுக்கு அட்டவணை எண் பெரியவர்களின் எல்லையைத் தாண்டிப் போகலாம். அப்போது முறையே 120/80, 130/80, 140/90 ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதையே எல்லையாகக் கொள்ள வேண்டும்.

13 வயது முதல் உயரக் கணக்கு தேவையில்லை. 120/80க்குக் கீழே நார்மல். மேல் எண் 120 முதல் 129, கீழ் எண் 80க்குக் குறைவு என்றால் சற்று உயர்ந்த நிலை. 130/80 முதல் 139/89 வரை முதல் நிலை. 140/90 முதல் இரண்டாம் நிலை. மேல் எண்ணும் கீழ் எண்ணும் வெவ்வேறு நிலையில் விழுந்தால் மோசமான நிலையே கணக்கு.

உயரம் எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். பத்து வயதுப் பையன்கள் மூவர். மூவருக்கும் சராசரி 114/70. உயரம் 130 செ.மீ. உள்ளவனுக்கு 95ஆம் பெர்சென்டைல் 112/76; ஆகவே அவன் முதல் நிலை. 141 செ.மீ. உள்ளவனுக்கு 90ஆம் பெர்சென்டைல் 112/74, 95ஆம் பெர்சென்டைல் 116/77. அவன் சற்று உயர்ந்த நிலை. 152 செ.மீ. உள்ளவனுக்கு 90ஆம் பெர்சென்டைலே 116/76, அவன் நார்மல். எனவே உயரத்தைக் குத்துமதிப்பாகப் போடாமல், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நிறுத்தி அளங்கள். அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் செ.மீ. கணக்கில் உயரம் கொடுத்திருக்கும். பிள்ளையின் உயரத்துக்கு மிக நெருக்கமான பத்தியை நேராக எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வளர்ச்சி வரைபடத்தில் பெர்சென்டைல் பார்த்துவிட்டு இங்கே வந்தால் குழம்பும்.

ஐந்தாம் படி: அதிகம் என்று வந்தபின்

ஒரே நாள் அளவை வைத்து உயர் ரத்த அழுத்தம் என்று பெயர் சூட்டுவதில்லை.

சற்று உயர்ந்த நிலை என்றால் உணவையும் விளையாட்டையும் திருத்திவிட்டு 6 மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். முதல் நிலை, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் 1 முதல் 2 வாரத்தில். அப்போதும் இருந்தால் 3 மாதத்தில். மூன்று வேளைகளிலும் 95ஆம் பெர்சென்டைலை எட்டினால்தான் நோய் என்று உறுதி. இரண்டாம் நிலை என்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி அளக்கவோ சிறப்பு மருத்துவரிடம் போகவோ வேண்டும்.

இதில் எதற்கும் காத்திருக்கக் கூடாத நேரம் உண்டு. பி.பி. அதிகமாக இருந்து, கூடவே கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, குழப்பம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தொந்தரவே இல்லாவிட்டாலும், 95ஆம் பெர்சென்டைலைவிட 30 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால், பதின்வயதினருக்கு 180/120ஐத் தாண்டினால், அதே முடிவுதான். வழியில் வீட்டுப் பெரியவர்களின் பி.பி. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். பி.பி. திடீரென விழுந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். ஆஸ்பத்திரியிலேயே அதைப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.

மருத்துவரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மட்டும் பி.பி. ஏறும் பிள்ளைகள் உண்டு. கிளினிக்கில் நார்மலாக இருந்து வெளியே ஏறும் பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய 24 மணி நேரம் கையிலேயே கட்டி அளக்கும் கருவி இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் இதைச் செய்யலாம். தூக்கத்தில் பி.பி. இயல்பாகக் குறைகிறதா என்பதும் இதில் தெரியும்.

காரணத்தைத் தேடுவது

வயது குறையக் குறைய, அளவு கூடக் கூட, பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அதிலும் சிறுநீரகம்தான் முதலில் வரும். சிறு வயதில் காரணமில்லாக் காய்ச்சல் என்று கடந்துபோன சிறுநீர்த் தொற்றுகள் சிறுநீரகத்தில் தழும்பை விட்டுவிட்டு, பல ஆண்டு கழித்து பி.பி.யாக வெளிப்படலாம்.

பெற்றோர் அடையாளம் காணக்கூடியது ஒன்று: சிரங்கோ தொண்டை வலியோ ஆறிய பிறகு, காலையில் கண்ணிமை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் குறைவாகப் போவது. தொண்டைத் தொற்றுக்குப் பின் 1 முதல் 3 வாரத்திலும், தோல் தொற்றுக்குப் பின் 3 முதல் 6 வாரத்திலும் வரும் சிறுநீரக அழற்சி இது. பி.பி. வேகமாக ஏறி, பிள்ளை நேராக வலிப்போடு வந்து நிற்பதுண்டு. சிறுநீர் நிறம் மாறிய அன்றே பி.பி. பார்த்துவிட வேண்டும்.

மகாதமனிக் குறுகலைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த சோதனை முதலில் தேவையில்லை. தொடை மடிப்பில் நாடி பார்த்து, காலில் ஒரு முறை பி.பி. எடுத்தால் போதும். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்துத் தொடையில் பெரிய கஃப்பைக் கட்டி, முழங்காலின் பின்புறம் கேட்க வேண்டும். காலின் மேல் எண் கையைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருப்பது இயல்பு. கையைவிடக் குறைந்தால் இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

சிறுநீரகத் தமனி குறுகுவதால் வரும் பி.பி.யில், இந்தியக் குழந்தைகளிடம் டகயாசு என்னும் தமனி அழற்சி முக்கியக் காரணம். ஒரு கையில் நாடி மெலிந்திருப்பது, இரு கைகளுக்கும் பி.பி. வித்தியாசம் ஆகியவை அதன் அடையாளங்கள். இதற்காகவாவது ஒரு முறை நான்கு கை கால்களிலும் அளந்துவிடுவது நல்லது.

மருந்துப் பெட்டியையும் பாருங்கள். ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கான சிரப்பில் உள்ள சூடோஎபெட்ரின், பினைல்எப்ரின், கவனக்குறைபாட்டுக்குத் தரும் மருந்துகள், எனர்ஜி டிரிங்க் எல்லாம் பி.பி.யைக் கூட்டும். இருமலுக்கு நாள்கணக்கில் அதிமதுரம் கொடுப்பதும் அப்படித்தான். அதில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பைத் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஆறு வயதைத் தாண்டி, எடை கூடி, பெற்றோருக்கும் பி.பி. இருந்து, பரிசோதனையில் வேறு குறை தெரியாவிட்டால் காரணம் தேடி நீண்ட சோதனைகள் தேவைப்படாது. குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று தூங்கும் பிள்ளை என்றால் அதை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். அடிப்படைச் சோதனைகள்: சிறுநீர், யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கொழுப்பு. ஆறு வயதுக்குக் கீழ் என்றாலும், சிறுநீரிலோ கிரியாட்டினினிலோ குறை தெரிந்தாலும் சிறுநீரக ஸ்கேன். மருந்து தொடங்கும் கட்டத்தில் இதயத்தசை தடித்திருக்கிறதா என்று பார்க்க எக்கோ.

உப்பு, விளையாட்டு, மாத்திரை

பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழந்தைக்கு அதைவிடக் குறைய வேண்டும். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு, மிக்சர், நூடுல்ஸ் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்தால் பலன் இராது. பாக்கெட்டில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும், 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோய் உள்ள பிள்ளைக்கும், எனலாப்ரில், லோசார்டன் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் அது ஆபத்து. இவர்களுக்கு இளநீரையும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

வாரத்தில் 3 முதல் 5 நாளாவது, 30 முதல் 60 நிமிடம் வியர்க்க விளையாட வேண்டும். பி.பி. இருக்கிறது என்று பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். இரண்டாம் நிலையில் இருப்பவர்கள் மட்டும் கட்டுக்குள் வரும் வரை எடை தூக்குதல், மல்யுத்தம் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரை எப்போது? இரண்டாம் நிலையில், தொந்தரவுகள் இருக்கும்போது, சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ கூட இருக்கும்போது, அல்லது பழக்கங்களை மாற்றியும் குறையாதபோது. இலக்கு 90ஆம் பெர்சென்டைலுக்குக் கீழே. 13 வயது முதல் 130/80க்குக் கீழே. எனலாப்ரில், லோசார்டன் வகைகள் கர்ப்பத்தில் சிசுவைப் பாதிக்கும் என்பதைப் பதின்வயதுப் பெண்ணிடமும் தாயிடமும் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றும் நாளில் அந்த வேளை மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நிலையில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

குறைந்தாலும் ஆபத்து

1 முதல் 10 வயது வரை, வயதை 2ஆல் பெருக்கி 70ஐக் கூட்டுங்கள். மேல் எண் அதற்கும் கீழே போனால் மிகக் குறைவு. 6 வயதுக்கு 82. ஒரு வயதுக்குள் 70, பிறந்த முதல் 28 நாளில் 60, 10 வயதுக்கு மேல் 90 என்பவை எல்லைகள்.

ஆனால் குழந்தைகளிடம் மேல் எண் விழுவது கடைசிக் கட்டம். உடல் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக் கடைசி வரை அதைத் தாங்கிப் பிடிக்கும். டெங்குவில் இதுதான் பலரை ஏமாற்றுகிறது. காய்ச்சல் விடும் நேரத்தில், பெரும்பாலும் 3ஆம் நாள் முதல் 7ஆம் நாளுக்குள், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும்போது கீழ் எண் மேலே ஏறும். 100/85 என்று வந்தால் "நூறு இருக்கிறதே" என்று தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி 15தான். இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாகி, கை கால் சில்லிட்டு, நாடி வேகமாகவும் மெலிவாகவும் ஓடினால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்). காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல், நரம்பில் நீர் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த மணி நேரத்திலேயே கொண்டுபோக வேண்டும்.